பிச்சி மொக்கு

“மம்மி, ஜேசிபி ஒச்சிந்தி!”

பால்கனியிலிருந்து என் மகள் தாரிணி கத்தியபோது நான் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். அதற்காகத் திட்டித் திட்டி எனக்குத்தான் வாய் வலித்தது. ஜேசிபி வந்துவிட்டது என்கிறாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நைட்டி மேல் ஒரு துப்பட்டா. காலில் எதுவும் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் இறங்கினேன். பின் கேட் பக்கம் மஞ்சளாக அது நின்றுகொண்டிருந்தது. டிரைவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சுதாகர் காரு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிறவர் மாதிரி நின்றார்.

“குட் மார்னிங் மேடம். டுடே க்ளீனிங்” என்றார்.

க்ளீனிங்காம், க்ளீனிங்! நானும் ரிஸ்வானாவும் பிள்ளை மாதிரி வளர்த்த தோட்டத்தை வேரோடு பிடுங்கி எறிவதற்கு அந்த மனுஷன் வைத்த பெயர் அது.

ஊருக்கெல்லாம் புல்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். கட்டடம் கட்டுகிறவர்கள் கட்டி முடித்தபிறகு சிமெண்ட்டும் செங்கல் துண்டுமாக ஒரு மண்ணை மிச்சம் வைப்பார்கள் இல்லையா, அதைப் பச்சையாக்கித் தருகிற வேலை. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது கேட்டால் “செடி வைக்கிற வேலை” என்று அம்மா முடித்துவிடுவாள்.

நான் பிறந்தது இங்கேயே, தெலங்கானாவில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வெயில் காலத்தில் சைக்கிளை எடுக்கும் முன் தண்டவாளத்து ஓரம் போய் ஆவாரம் இலையை ஒரு கைப்பிடி ஒடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார். “மண்டைக்கு ஏசி, ஹவ்!” என்பார். ஹவ் என்றால் இந்த ஊர் ‘ஆமாம்’. சாயங்காலம் தொப்பியைக் கழற்றினால் இலை வாடி, முடியெல்லாம் ஒருவிதப் பச்சை வாசனை அடிக்கும். அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் படித்து முடித்து வேலைக்கு வந்தபின் நான் வைத்தது என்ன தெரியுமா? புல். எங்கே பார்த்தாலும் வெளிநாட்டுப் புல். அதைச் சுற்றி பனைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி நட்டுக்குத்தலாக நிற்கும் அலங்கார மரங்கள். வேலி வேண்டுமென்றால் கோனோகார்பஸ், அதுவும் வெளிநாட்டுச் செடிதான். மே மாதத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாத அடுக்குமாடியில் புல்லுக்கு டேங்கர் லாரி வரும். வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், நானும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ‘சே’ என்று ஒரு சத்தம் கேட்கும். பல வருஷம் அந்தச் சத்தத்தோடு குப்பை கொட்டினேன்.

பிறகுதான் ரிஸ்வானா வந்தாள். திருநெல்வேலி மேலப்பாளையத்துப் பெண். கணவருக்கு இங்கே ஐடி வேலை. இவளுக்கு என்னுடையதே தொழில். வந்த முதல் வாரமே என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “எக்கா, இந்த ஊர் பாறைல எவ்வளவு அழகா செடி கெடக்கு. அத விட்டுட்டு என்னத்துக்கு இந்தப் புல்லுக்குத் தண்ணி ஊத்தி அழுதிய?” என்று கேட்டாள். கேட்டவளை அன்றைக்கே கூட்டாளி ஆக்கிக்கொண்டேன்.

இரண்டு பேரும் கங்கணம் கட்டிக்கொண்டோம். இனிமேல் இந்த மண்ணின் செடிதான். ஆனால் யார் இடம் தருவார்கள்? மல்லாபூரில் ஒரு தொழிற்சாலை மேலாளர் மட்டும், “உங்க சொந்தக் குடியிருப்புல செஞ்சு காட்டுங்க. அது நின்னா என் வளாகம் முழுக்க உங்களுக்கு” என்றார். நியாயமான பேச்சு. சொந்த வீட்டிலேயே போணியாகாத சரக்கை வெளியே யார் வாங்குவார்?

அதனால்தான் மல்காஜ்கிரியில் நான் குடியிருக்கும் இந்த அடுக்குமாடியின் பின்பக்கம், ரயில் பாதையை ஒட்டின மதில் ஓரத்து நீளமான வெறும் மண் எங்களுக்கு உயிராகிப் போனது. அது போனால் தோட்டம் மட்டும் போகாது. நாங்கள் நம்பியதெல்லாம் சேர்ந்து போய்விடும்.

லத்தீன் செய்த வேலை

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ரிஸ்வானாதான் பேசினாள். அவளுக்குத் தெலுங்கு அப்போது சுத்தமாக வராது. ஆகவே செடிகளின் பெயரை எல்லாம் தாவரவியல் பெயரிலேயே சொன்னாள். சென்னா ஆரிகுலேட்டா. செலோஷியா அர்ஜென்டியா. டோடோனியா விஸ்கோசா.

சபை சொக்கிப்போனது. சுதாகர் காரு முன்வரிசையில் உட்கார்ந்து, “வாவ், இம்போர்டட்!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கைதட்டலோடு அனுமதி கிடைத்தது.

நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? சென்னா ஆரிகுலேட்டா என்றால் அப்பா தொப்பிக்குள் வைத்த ஆவாரைதான். தெலுங்கில் தங்கேடு. செலோஷியா நம் ஊர்ப் பண்ணைக்கீரை, இங்கே குனுகு. மூன்றாவது விராலி. நாங்கள் சொன்னது பொய்யில்லை, முழுப் பெயர். ஒருத்தரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை கூடுகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய!

அடுத்த மழையில் செடிகள் ஆளுயரத்துக்கு வந்தன. ஒருநாள் சுதாகர் காரு பின்பக்கம் வந்து உற்றுப் பார்த்தார். முகம் கறுத்தது. குண்டூர்ப் பக்கத்து மனுஷர். செடி தெரியாமல் இருக்குமா? அவர் ஆர்டர் செய்ததாக நினைத்த ‘இம்போர்டட்’ எல்லாம், மதிலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்து ஓரம் சும்மா முளைத்துக் கிடக்கிறவை.

“ஏமண்டி இதி? அன்னி பிச்சி மொக்கலு!” என்று ரிஸ்வானாவைப் பார்த்துக் கத்தினார்.

இங்கேதான் வந்தது வினை.

எந்தப் பிச்சி?

தெலுங்கில் ‘பிச்சி’ என்றால் பைத்தியம். ‘மொக்க’ என்றால் செடி. ‘பிச்சி மொக்கலு’ என்றால் களை, காட்டுச்செடி, உதவாத கண்ட கழுதை.

திருநெல்வேலியில் பிச்சி என்றால் என்ன? மல்லிகைக்கு அக்கா தங்கச்சி முறை. சாயங்காலமானால் தெருவே மணக்கும் பூ. மொக்கு என்றால் மொட்டு. மேலப்பாளையத்துக்காரி காதில் ‘பிச்சி மொக்கு’ என்று விழுந்தால் அவள் என்ன நினைப்பாள்? மனுஷன் எங்கள் செடியைப் பிச்சி மொக்கு மாதிரி இருக்கிறதென்று கொஞ்சுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

முகமெல்லாம் பல்லாகச் சிரித்து, “தேங்க்யூ சார், தேங்க்யூ! இன்னும் நெறைய வரும்!” என்றாள்.

சுதாகர் காருவுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஏமாற்றியதும் இல்லாமல் முகத்துக்கு நேராக நக்கல் வேறா? விறுவிறுவென்று போய்விட்டார். “பாவம், நல்ல மனுசங்க்கா. வாயாரப் பாராட்டுதாரு” என்று அவள் என்னிடம் வந்து சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து சங்கத்தில் எங்கள் தோட்டத்துக்குப் பெயரே ‘பிச்சி மொக்கலு’. பாம்பு வருகிறது என்று ஒரு புரளி. குழந்தைகளை யாரும் பின்பக்கம் அனுப்பவில்லை. பாம்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். வருகிற விருந்தாளி கண்ணில் படக் கூடாது என்று சுதாகர் காரு தோட்டத்தின் முழு நீளத்துக்கும் பச்சைத் துணி கட்டி மறைத்துவிட்டார். கட்டடம் கட்டுகிற இடத்தில் கட்டுவார்களே, அந்தத் துணி. நானும் ரிஸ்வானாவும் அதற்குள் புகுந்து போய்க் களை எடுத்துவிட்டு, திருடிகள் மாதிரி வெளியே வருவோம்.

இவ்வளவு ஆன பிறகும் அவர் தன் மனைவி சுஜாதாவிடம் அது என்ன செடி என்று மூச்சு விடவில்லை. லத்தீனைக் கேட்டு ஏமாந்ததை எந்தப் புருஷன் வீட்டில் போய்ச் சொல்வான்?

நிறைஞ்ச நாள்

இன்னொரு குற்றச்சாட்டும் என் தலையில் இருந்தது. அந்தச் செடிகளை நான் நட்டது ஓர் அமாவாசை நாளில்.

நமக்கு அமாவாசை நிறைஞ்ச நாள். கடை திறப்போம், வண்டி எடுப்போம். எங்கள் வீட்டில் இத்தனை தலைமுறை இங்கே இருந்தும் அது மாறவில்லை. அதனால் யோசிக்காமல் அன்றைக்கே குழி தோண்டினேன். தெலுங்குக்காரர்களுக்கு அமாவாசை ஆகவே ஆகாது. அன்றைக்குப் புதிதாக ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். கையில் மண்வெட்டி வந்ததும் மறந்துபோனது.

முதல் கோடையில் நாலைந்து கன்று காய்ந்தன. எந்தத் தோட்டத்திலும் காயும். “அமாவாஸ்ய நாடு எவரைனா மொக்க நாட்டுதாரா மேடம்?” என்று சுதாகர் காரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அமாவாசையில் யாராவது செடி நடுவார்களா என்று அரைமணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார்.

கடைசியில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். தசராவுக்குள் பின்பக்கத்தைச் சுத்தம் செய்து புல் விரிப்பது. தசராவுக்கு முன்னால் எல்லோருக்கும் வேலை. ஜேசிபி கிடைக்காமல் அலைந்தார் மனுஷர். ஒரே ஒரு நாள் மட்டும் வண்டி சும்மா இருக்கிறது என்று சொன்னார்களாம். உடனே பிடித்துப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு மட்டும் ஏன் வண்டி சும்மா இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

துணி விழுந்தது

இனி அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். ரிஸ்வானாவுக்குப் போன் போட்டேன். ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். அதற்குள் காவலாளிகள் இரண்டு பேர், வண்டி உள்ளே வர வேண்டும் என்று பச்சைத் துணியை ஒரு முனையிலிருந்து அவிழ்த்து முடித்திருந்தார்கள்.

ராத்திரி மழை பெய்திருந்தது. மதில் நீளத்துக்கும் ஆவாரை பூத்துக் கொட்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் இடுப்புயரத்துக்குக் குனுகு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. இதைப் பார்க்கிற கடைசிக் காலை இதுதானா என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

டிரைவர் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தார். “எப்புடு ஸ்டார்ட் சார்?” எப்போது ஆரம்பிக்கட்டும் என்கிறார்.

“இப்புடே!”

டிரைவர் வானத்தைப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இவால அமாஸ சார். மண்ணு முட்ட” என்றார். இன்றைக்கு அமாவாசை, மண்ணைத் தொட மாட்டேன் என்கிறார்.

“மரி எந்துகு ஒச்சினாவு?” பிறகு ஏன் வந்தாய்?

“ஓனர் போ அன்னாடு, ஒச்சின.” முதலாளி போகச் சொன்னார், வந்தேன். வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு நாளைக் காலை வருவதாக மட்டும் சொன்னார்.

எனக்கு அழுகையோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை. எனக்கு அரைமணி நேரம் அமாவாசைப் பாடம் எடுத்த ஆசாமி, அமாவாசை அன்றைக்கு ஜேசிபி கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்! “அமாவாஸ்ய நாடு எவரைனா…” என்று நான் ஆரம்பித்ததும் அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுபக்கம் யாரும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ரிஸ்வானாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். “சிரிக்காதிய எக்கா. ஒரு நாள் கெடச்சிருக்கு, அவ்வளவுதான். நாளைக்கு அமாவாசை கெடையாதுல்லா. நாளைக்கு வந்து வழிச்சுருவான்.”

அவள் சொன்னது சரி. என் சிரிப்பு அடங்கிவிட்டது.

எவருக்குப் பிச்சி?

அது வெறும் அமாவாசை இல்லை. பதுக்கம்மா தொடங்குகிற அமாவாசை. ஜேசிபி பயத்தில் எனக்கே அது மறந்துபோயிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெலங்கானாப் பெண்களின் பண்டிகை. தட்டில் பூவை அடுக்கடுக்காகக் கோபுரம் மாதிரி கட்டி, நடுவில் வைத்து, சுற்றிக் கைதட்டிப் பாடுவார்கள். ஒன்பது நாள் நடக்கும். மற்ற சாமிகள் தாமரை கேட்கும், ரோஜா கேட்கும். இந்த அம்மா கேட்பது காட்டில் தானாக வளர்கிற பூவை. தங்கேடும் குனுகும் இல்லாமல் பதுக்கம்மா இல்லை.

சுஜாதா கரீம்நகர்ப் பெண். கணவரின் குண்டூர்ப் பக்கம் இந்தப் பண்டிகை கிடையாது; மனைவி கட்டுகிற கோபுரத்தில் எது என்ன பூ என்று அவர் எட்டிப் பார்த்ததும் இல்லை. எங்கள் குடியிருப்பின் பதுக்கம்மா முழுக்க அவர் பொறுப்பு. அன்றைக்கு விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மழையில் கிராமத்து வண்டிகள் வரவில்லை. செண்டுப்பூ மட்டும்தான் கிடைத்திருக்கிறது. இரண்டு பைகளோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பின் கேட் வழியாக உள்ளே வந்தார்.

வந்தவர் நின்றார். பைகள் கீழே விழுந்தன.

“தங்கேடு!”

அந்தக் கூச்சலில் மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது. சுஜாதா ஈர மண்ணில் செருப்பு புதைய ஓடிப்போய் ஒரு கிளையை வளைத்து முகத்தோடு வைத்துக்கொண்டார். “குனுகு கூடா உந்தி! அம்மோ, எந்த குனுகு!” எவ்வளவு குனுகு என்று அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்தார். ஜேசிபியைப் பார்த்தார். கீழே கிடந்த பச்சைத் துணியைப் பார்த்தார்.

“இதேமிட்டண்டி?” என்று கேட்டார். இது என்ன?

சுதாகர் காரு தொண்டையைச் செருமினார். “அவி… பிச்சி மொக்கலு.”

“எவருக்கண்டி பிச்சி?”

யாருக்கய்யா பைத்தியம்! அந்த ஒரு கேள்விக்காக அந்த அம்மாவின் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. ரிஸ்வானாவுக்கு அதற்குள் தெலுங்கு வந்திருந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நடத்தவில்லை. ஜன்னலில் பார்த்தவர்கள் இறங்கி வந்தார்கள். பாம்புப் புரளி கிளப்பிய இரண்டாம் பிளாக்குப் பெண்கள்தான் முதலில் செடிக்குள் இறங்கினார்கள். “கமிட்டி தீர்மானம் இருக்கே” என்று சுதாகர் காரு முனகினார். “பதுக்கம்மா ஆடப்போற கமிட்டி இதுதான். ஒன்பது நாளும் பூ வேணும். வருஷா வருஷம் வேணும்” என்று சுஜாதா அடித்துச் சொன்னார். நான் இதைத் தமிழில் சொல்கிறேன். அவர் தெலுங்கில் சொன்னது இதைவிடக் காரம்.

ரிஸ்வானா மட்டும் விதிமுறை போட்டாள். பூவைக் கிள்ளலாம், கிளையை ஒடிக்கக் கூடாது. குனுகில் விதைக்குக் கொஞ்சம் விட வேண்டும். “விதை விடலேன்னா அடுத்த வருசம் உங்க அம்மாவுக்கு யாரு பூ குடுப்பா?” என்று அரைத் தெலுங்கில் கேட்டாள். சுஜாதா அதை மற்றவர்களிடம் அதட்டிச் சொன்னார். ஒருத்தரும் ஒரு கிளையை ஒடிக்கவில்லை.

மறுநாள் காலை டிரைவர் சொன்னபடி வந்தார். கேட்டில் சுஜாதா நின்றிருந்தார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பியவர், தயங்கி, வீட்டுக்காரிக்கு என்று ஒரு பிடி குனுகு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்பது நாள்

முதல் நாள் சாயங்காலம் நடுவில் ஏறின அந்த மஞ்சள் கோபுரத்தை நான் இன்னும் கண்ணை மூடினால் பார்க்கலாம். பட்டுப்புடவை சரசரக்கிறது, கைதட்டல், மதிலுக்கு அந்தப் பக்கம் லோக்கல் ரயில் போகிறது. சுஜாதா என்னையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார். எனக்கு அடி வைக்கத் தெரியாது. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். ரிஸ்வானா ஓரத்தில் நின்று போனில் படம் பிடித்தாள். “எக்கா, எங்க வீட்டுல இந்தப் பண்ணக்கீரைய பருப்பு போட்டுக் கடைவோம். இங்க சாமியாக்கிட்டாவ!” என்று காதில் வந்து சொன்னாள். தாரிணி என் பக்கத்தில் வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காமலே தமிழில், “சூப்பர்ம்மா” என்றாள். அவ்வளவு பெருமை எனக்கு எந்தப் பட்டமும் தரவில்லை.

கடைசி நாளுக்கு மல்லாபூர் மேலாளரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தேன். அவரை வாசலிலேயே மடக்கிப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனவர் யார் என்று நினைக்கிறீர்கள்? “நேட்டிவ் ஸ்பீஷீஸ் சார். நோ டேங்கர். அசோசியேஷன் கான்செப்ட்” என்று சுதாகர் காரு கைநீட்டிக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சென்னா ஆரிகுலேட்டா என்று லத்தீன் வேறு. நான் குறுக்கே பேசவில்லை. மேலாளர் கிளம்பும்போது, “திங்கட்கிழமை வந்து இடத்தைப் பாத்துடுங்க” என்று என்னிடம் சொன்னார். ரிஸ்வானா என் கையை நசுக்கிவிட்டாள்.

எல்லோரும் கலைந்தபின் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுதாகர் காரு வந்து பக்கத்தில் நின்றார். முன் கேட் பக்கம் மஞ்சளடித்துக் கிடக்கிற பழைய புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“மேடம், முன் கேட் தக்கர கூடா பிச்சி மொக்கலு வெய்யாலி” என்றார். முன் கேட்டிலும் பிச்சி மொக்கு வைக்க வேண்டுமாம்.

பிறகு மனைவி காதில் விழாத தூரமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, செடி நட நாள் குறிக்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“நெக்ஸ்ட் அமாவாஸ்ய எப்புடு?”